பருவம் பிறக்குமுன்: சுழியோடியின் கருவிகளை ஆயத்தஞ் செய்தல்

பேராதனைத் தாவரவியற் பூங்காவை வளைத்தோடும் மகாவலி கங்கை, மலைகளைக் கடந்து, சமவெளிகளை நனைத்து, ஈற்றிலே திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. மலைகள் சூழ்ந்த இவ்வூரில் வாழும் நமக்குக் கடல் தூரத்துப் பொருளேயாயினும், நம் வாயிலைக் கடந்து செல்லும் நீர் அக்கடலுக்கே செல்கின்றது. அந்நீர் சென்ற திசையிலே நம்மிற் சிலரும் ஆண்டுதோறும் மாத்தளை, தம்புள்ளை, ஹபறணை வழியாகக் கீழைக் கரையை அடைந்து, நீரடியில் மூச்செடுக்கும் கருவியை முதுகிற் சுமந்து சுழியோடி வருகின்றனர். அவர்களுக்குப் பயன்படுதற்பொருட்டும், இனி இக்கலையைக் கற்க விரும்பும் மாணவர் இதன் அடிப்படையை அறிந்துகொள்ளுதற்பொருட்டும் இக்கட்டுரையை வரைகின்றோம்.

நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. கடலடியிலே உயிருக்கு உலைவைக்கும் குறைகள் பல, கடலிற்குச் செல்லுமுன்னரே வீட்டு அலுமாரியினுள்ளே பிறந்து வளர்ந்துவிடுகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கும் அறிவு நமக்குப் புதிதன்று. கல்லூரியின் ஆய்வுகூடத்தில் நாம் கற்ற போயிலின் விதியும், தாற்றனின் விதியும், ஆக்கிமிடீசின் தத்துவமுமே அவ்வறிவு. பரீட்சைக்காகக் கற்று மறந்த அவ்விதிகளை இங்கு மீண்டும் எடுத்து நோக்குவோம்.

முன்னோர் வழக்கு

‘முத்துக் குளித்தல்’, ‘சங்கு குளித்தல்’ என்னும் தொடர்கள் தமிழில் நெடுங்காலமாக வழங்குவன. ஈண்டுக் ‘குளித்தல்’ என்பது நீராடுதலைக் குறியாது மூழ்குதலையே குறிக்கும். மன்னார்க் குடாவிலே சிலாபத்துறை, அரிப்பு ஆகிய இடங்களை அடுத்து நிகழ்ந்த முத்துச் சலாபங்களில், குளிகாரன் கொண்டுசென்ற கருவிகள் மிகச் சில: விரைந்து கீழிறங்குதற்கு ஒரு பாரக்கல், அதனைப் பிணித்த கயிறு, சிப்பிகளை இடுதற்கு ஒரு வலைப்பை. அவன் சுவாசித்ததோ படகின் மேல் உள்ளிழுத்த ஒரு மூச்சை மாத்திரமே. படகில் நின்று கயிற்றைப் பற்றும் துணைவனே அவனை மேலே இழுப்பவன். ஆகவே, கயிற்றின் உறுதியும் துணைவனின் கருத்தூன்றலும் அவனுடைய உயிருக்குக் காவலாயிருந்தன.

1943ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டினரான சாக்கு கூஸ்தோ, எமில் கக்னான் என்னும் இருவர், வேண்டியபோது வேண்டிய அமுக்கத்தில் வளியைத் தரும் சீராக்கியை ஆக்கியபின், மூழ்குதல் ஒரு மூச்சளவில் நின்றுவிடாது நீண்ட நேரம் நிகழக்கூடியதாயிற்று. அக்கருவி இலங்கைக்கு வந்து அதிக காலம் ஆகுமுன்னரே, 1956இல், எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் அவர் தோழர் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமிமலையின் அடிவாரக் கடலிற் சுழியோடி, 17ஆம் நூற்றாண்டிலே போத்துக்கீசர் தகர்த்த கோணேசர் ஆலயத்தின் செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டு படமெடுத்தனர். கிளாக் 1957இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்விடத்தைப்பற்றி எழுதியுள்ளார். மூன்று நூற்றாண்டுகளுக்குமேல் மனிதக் கண்ணிற்கு எட்டாது கிடந்த ஆலயக் கற்களை நமக்கு மீண்டும் காட்டியது, இன்று நம் அலுமாரியிற் கிடக்கும் இக்கருவியின் முன்னோடியேயாம். அதனை நாம் மதிப்புடன் பேணுதற்கு இஃதொன்றே போதிய காரணமாகும்.

பருவமும் ஓய்வும்

இலங்கைக்கு வாய்த்த பேறுகளில் ஒன்று யாதெனின், ஒரு கரை மூடும்போது மறுகரை திறத்தல். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே கீழைக் கடல் கொந்தளிக்கும். ஆறுகள் கொணரும் வண்டலால் நீரும் கலங்கும். அக்காலத்தில், நவெம்பர் தொடங்கி ஏப்பிரில் வரை, இக்கடுவை போன்ற தென்மேற்குக் கரையிடங்கள் அமைதியாக இருக்கும். தென்மேற் பருவக்காற்றுத் தொடங்கியதும் நிலை மாறும். மே தொடங்கிச் செத்தெம்பர் வரை திருகோணமலைக் கடல் தெளிந்து கிடக்கும். திருகோணமலைக்கு மாத்திரஞ் செல்பவரின் கருவிகள் ஏழு மாதம் ஓய்ந்திருக்கின்றன.

அவ்வோய்வு பேராதனையிலே எத்தகையது? கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் அமைந்த இவ்வூர், மழையும் ஈரலிப்பும் மிகுந்தது. தோற்செருப்பை ஒரு மாதம் மூலையில் விட்டாற் பூஞ்சணம் பூக்கும் காலநிலை இது. முற்றாகக் கழுவப்படாத உப்பு, வளியிலுள்ள ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிக்கும். இறப்பர் முதுமையடைந்து வெடிக்கும். குழாய்களின் வாயிற் சிறு பூச்சிகள் கூடு கட்டும். இவையனைத்தும் ஓசையின்றி நிகழ்வன. ஆதலின், பருவம் தொடங்குதற்கு ஆறு கிழமைக்கு முன்னரேனும் கருவிகளை வெளியே எடுத்தல் வேண்டும். குறை கண்டாற் பழுது பார்ப்பிக்கவும், உறுப்பு வரவழைக்கவும் அக்காலம் தேவைப்படும். பயணத்திற்கு முதனாள் இரவு கண்ட குறை, ‘இம்முறை எப்படியோ சமாளிப்போம்’ என்னும் எண்ணத்தையே தோற்றுவிக்கும். அவ்வெண்ணமே ஆபத்தின் வாயில்.

வளிச் சிலிண்டர்

முதலிற் சிலிண்டரை நோக்குவோம். 12 இலீற்றர் கொள்ளும் சிலிண்டர் ஒன்றிலே 200 பார் அமுக்கத்தில் வளி நிரப்பப்படுமாயின், போயிலின் விதிப்படி, மேற்பரப்பு அமுக்கத்தில் ஏறக்குறைய 2,400 இலீற்றர் வளி அதனுள் அடங்கியிருக்கும். அவ்வளியின் நிறை மாத்திரம் ஏறத்தாழ 3 கிலோகிராம். அமுக்கமோ நாம் வாழும் வளிமண்டல அமுக்கத்தின் இருநூறு மடங்கு. இத்துணைச் சத்தியை அடக்கியாளும் உலோகச் சுவரிலே துருவோ வெடிப்போ இருத்தல் ஆகாது. எனவே, ஆண்டுதோறும் வால்வைக் கழற்றி, விளக்கிட்டு உட்புறத்தைப் பார்வையிடுதலும், பல நாடுகளில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரமுக்கச் சோதனை செய்தலும் வழக்கம். சோதனைத் தேதி சிலிண்டரின் தோளிற் பொறிக்கப்பட்டிருக்கும். முதலில் அதனை வாசித்தல் வேண்டும். உட்பார்வையும் சோதனையும் பயிற்சி பெற்றோரின் பணி. வளியுள்ள சிலிண்டரின் வால்வை வீட்டிலே கழற்ற முனைதல் கூடவே கூடாது.

உருக்குச் சிலிண்டர்பற்றி மாணவர் கருத்திற் கொள்ளவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. துருப்பிடித்தல் என்பது இரும்பு ஒட்சிசனோடு சேர்தல். சிலிண்டரினுள்ளே நீர்த்துளி புகுந்து, நிரப்பிய வளியோடு மாதக்கணக்கிற் கிடந்தால், உண்டாகும் துரு அவ்வளியிலுள்ள ஒட்சிசனையே உண்டுவிடும். சாதாரண வளியில் ஒட்சிசன் ஏறக்குறைய 21 சதவீதம். அது 8 சதவீதமாகக் குறைந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். 20 மீற்றர் ஆழத்தில் மொத்த அமுக்கம் 3 வளிமண்டலமாதலின், தாற்றனின் விதிப்படி ஒட்சிசனின் பகுதியமுக்கம் 0.24 வளிமண்டலமாகும், சுழியோடி எவ்விதத் தொல்லையும் உணரான். ஆனால் அவன் மேலேறி வருந்தோறும் அது குறைந்து, மேற்பரப்பை அணுகும்போது 0.08 ஆகிவிடும். அவ்வளவிலே மனிதன் நினைவிழப்பான். ஆழத்தில் நலமாயிருந்தவன் கரை கண்ட வேளையில் மயங்கி மீண்டும் அமிழ்தல் இவ்வாறு நிகழக்கூடும். ஆகவே, சென்ற பருவத்தில் எஞ்சிய வளியைக் கொண்டு சுழியோடுதல் தகாது. அதனை மெல்ல வெளியேற்றிப் புதுவளி நிரப்புவித்தல் வேண்டும். எனினும், ஓய்வுக் காலத்திற் சிலிண்டரை முற்றும் வெறுமையாக்காது, சிறிதளவு அமுக்கம் எஞ்சவிட்டு வைத்தல் நன்று. ஈரவளி உட்புகாதிருத்தற்கு அஃது உதவும்.

வளி நிரப்பும் கொம்பிறசரின் தூய்மையும் இவ்விதியோடு தொடர்புடையது. அதன் உறிஞ்சுவாய் எஞ்சின் புகைபோக்கியை நோக்கியிருந்தால், காபனோரொட்சைட்டு சிலிண்டரினுட் புகும். மணமும் நிறமும் அற்ற அந்நச்சு வாயுவின் பகுதியமுக்கம் 30 மீற்றர் ஆழத்தில் நான்கு மடங்காகும். நிரப்புமிடத்தை நேரிற் பார்த்து, உறிஞ்சுவாய் எங்கே உள்ளது, வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது என்று வினவுதல் ஒருவரையும் ஐயுற்றதாகாது. வால்வைச் சிறிதே திறந்து வளியை முகர்ந்து, எண்ணெய் மணமோ புகை மணமோ வீசினால் அதனை மறுத்துவிடுதல் வேண்டும்.

சீராக்கி

ரெகுலேற்றர் எனப்படும் சீராக்கி இரு படிகளை உடையது. சிலிண்டரிற் பொருத்தப்படும் முதற்படி, 200 பார் அமுக்கத்தைச் சூழலமுக்கத்திலும் 9 அல்லது 10 பார் அளவே மிகுந்ததாகக் குறைக்கும். வாயிற் கவ்வும் இரண்டாம் படி, அதனைச் சுழியோடி நிற்கும் ஆழத்தின் அமுக்கத்திற்குச் சமனாக்கித் தரும். இவ்விரண்டினுள்ளும் நுண்ணிய இருக்கைகளும், வில்லுகளும், இறப்பர்த் தகடுகளும் உள்ளன. ஒரு மணலளவு உப்புப் பளிங்கு இருக்கையிற் படிந்தாலும் வளி கசியத் தொடங்கும்.

வீட்டிலே நாம் செய்யக்கூடிய சோதனைகள் சில உள. முதலாவதாக, முதற்படியின் வளி நுழைவாயிலுள்ள சல்லடையை நோக்குதல். அது பச்சை நிறமுற்றிருப்பின் உப்புநீர் உட்புகுந்து களிம்பேறியது எனக் கொள்க. செம்பழுப்பாயிருப்பின் சிலிண்டரின் துரு வந்து படிந்தது எனக் கொள்க. இரண்டாவதாக, குழாய்களை வளைத்து, இரு முனைகளையும் அடுத்த இடங்களில் வெடிப்பு உண்டோ எனப் பார்த்தல். உறை போட்டு மறைத்த இடங்களில் உறையை நீக்கியே பார்த்தல் வேண்டும். உறையின் கீழேதான் உப்பு ஒளிந்திருக்கும். மூன்றாவதாக, முதற்படியின் வாயைத் தூசி மூடியால் இறுக மூடி, வாய்க்கவ்வியிலிருந்து மெதுவாக உறிஞ்சுதல். சிறிதும் வளி வாராதிருப்பின் இரண்டாம் படியின் தகடும் வெளிமூச்சு வால்வும் செவ்வையாக உள்ளன. வளி வருமாயின், கடலில் அவ்வழியே நீர் வரும் என்பது பொருள். உறிஞ்சுமுன் வாய்க்கவ்வியினுள்ளே பூச்சி எதுவும் இல்லையெனப் பார்த்துக்கொள்க. கவ்வியின் பற்பிடிகள் கிழிந்திருப்பின் அதனை மாற்றுதல் எளிது, செலவும் சிறிது.

இச்சோதனைகள் குறையைக் காட்டுவனவேயன்றி அதனைத் தீர்ப்பன அல்ல. முதற்படியைத் திறந்து பழுதுபார்த்தல் அதற்கெனப் பயின்றவர்க்கே உரியது. ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது ஆக்கியோன் குறித்த காலந்தோறும், அவரிடம் ஒப்படைத்தல் முறை. பழுதுபார்த்து வந்த கருவியே முற்றும் நம்பத்தக்கது எனவும் எண்ணற்க. புதிதாகப் பூட்டிய உறுப்பு சரிவர அமையாதிருத்தலும் உண்டாதலின், அதனை முதலில் ஆழமற்ற நீரிற் சோதித்தல் வேண்டும்.

சீராக்கி செவ்வையாக இயங்காவிடின் நேரும் இழப்பைக் கணக்கிட்டுக் காண்போம். நாம் மேற்சொன்ன சிலிண்டரில் 50 பார் சேமிப்பாக ஒதுக்கினால், பயன்படுத்தத்தக்கது 1,800 இலீற்றர். அமைதியாகச் சுவாசிக்கும் ஒருவனுக்கு மேற்பரப்பில் நிமிடத்திற்கு 20 இலீற்றர் போதும். 20 மீற்றர் ஆழத்தில் அது மும்மடங்காகி 60 இலீற்றராகும். அவ்வாழத்தில் வளி 30 நிமிடத்திற்குப் போதும். சீராக்கி இறுகியிருத்தலால் மூச்சிழுத்தல் கடினமாகி, அவன் தேவை மேற்பரப்பளவில் 25 இலீற்றராக உயர்ந்தால், ஆழத்தில் 75 இலீற்றர். காலமோ 24 நிமிடமாகக் குறையும். ஆறு நிமிடம் கரையிலே ஒரு பொருட்டன்று. நீரடியில் அஃது ஒரு துணைவனுக்கு உதவி செய்து மேலே கொண்டுவரப் போதிய காலம்.

இறப்பர் வளையங்கள்

சிலிண்டரும் சீராக்கியும் பொருந்தும் இடத்திலே ஓ-றிங் எனப்படும் சிறு இறப்பர் வளையம் ஒன்று உண்டு. 200 பார் அமுக்கத்தைக் கசியாது காப்பது, விரலிடுக்கிற் பிடிக்கத்தக்க இவ்வளையமே. நகத்தாற் சுரண்டாது மெதுவாக எடுத்து, விரல்களிடையே உருட்டி, தட்டையான பகுதியோ கீறலோ உண்டோ எனப் பார்த்தல் வேண்டும். ஐயமிருப்பின் மாற்றிவிடுதலே மேல். பயணப் பையில் அளவுகள் பொருந்திய சில வளையங்களை வைத்துக்கொள்ளாத சுழியோடி, ஊசி நூல் இல்லாத தையற்காரனை ஒப்பான். சாதாரண எஞ்சின் கிறீசையோ தேங்காய் எண்ணெயையோ இக்கருவிகளுக்குப் பூசலாகாது. அவை இறப்பரைக் கெடுப்பதோடு, உயரமுக்க வளியிலே தீப்பற்றும் ஏதுவுமாகும். ஆக்கியோன் விதித்த கிறீசை, வளையம் மினுங்கும் அளவே பூசினாற் போதும். மிகுதியாகப் பூசினால் அது மணலைப் பிடித்து வைக்கும்.

மிதப்புச் சட்டையும் ஈயப் பட்டியும்

வளியை ஊதியும் வெளியேற்றியும் மிதப்பைச் சமன்செய்யும் சட்டையை, வாயால் நிறைய ஊதி ஓர் இரவு விட்டுவைத்தல் வேண்டும். காலையில் தளர்ந்திருப்பின் எங்கோ கசிவு உண்டு; சவர்க்கார நீர் பூசினாற் குமிழி அவ்விடத்தைக் காட்டும். உட்பையினுள்ளே நன்னீர் விட்டுக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து வடிக்கவேண்டும். வரும் நீர் உவர்ப்பாயிருப்பின் மீண்டும் கழுவுதல் அவசியம். பூஞ்சண மணம் வீசுமாயின், அதற்கென விற்கப்படும் கிருமிநாசினியாற் கழுவாது அதிலே வாய் வைக்கலாகாது.

வளி ஊட்டும் பொத்தானே இச்சட்டையில் மிக்க கவனத்திற்குரியது. உப்புப் படிந்து அப்பொத்தான் அழுந்தியபடி நின்றுவிட்டால், வளி தானாகப் புகுந்துகொண்டேயிருக்கும். சுழியோடி விரும்பாமலே மேலெழுவான். 10 மீற்றர் ஆழத்திலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது, அமுக்கம் பாதியாதலின் அடைபட்ட வளியின் கனவளவு இருமடங்காகும். சட்டைக்கு நேர்வது சுவாசப்பைக்கும் நேரும். அவ்வேளை மூச்சை அடக்கியிருப்பவனின் சுவாசப்பை கிழியும். போயிலின் விதியைக் கரும்பலகையில் எழுதிய நாளில் நாம் இதனை எண்ணியிருப்போமா? எனவே, பொத்தானைப் பலமுறை அழுத்தி விடுவித்து, அது துள்ளி மீள்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். வளி ஊட்டும் குழாயை ஒரு கையாற் கழற்றும் பயிற்சியையும் கரையிலேயே செய்துகொள்க.

ஈயப் பட்டியின் கொளுவி, ஓர் இழுப்பிலே கழலுதல் வேண்டும். சென்ற ஆண்டு அணிந்த ஈயத்தின் அளவு இவ்வாண்டும் பொருந்துமெனக் கொள்ளலாகாது. நியோப்பிறீன் உடை பலமுறை அமுக்கப்பட்டு மெலிந்திருக்கும். நம் உடலோ பெரும்பாலும் மெலிந்திராது. அன்றியும், கண்டிப் பகுதித் தடாகங்களிற் பயிலுவோர் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். கடல்நீர் நன்னீரிலும் ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி மிகுந்தது. கருவிகளுடன் 100 கிலோகிராம் நிறையுள்ள ஒருவன் தடாகத்திற் சமநிலையில் மிதப்பானாயின், ஆக்கிமிடீசின் தத்துவப்படி, கடலிலே அவனுக்கு மேலும் 2.5 கிலோகிராம் ஈயம் வேண்டும். வளி தீருந்தோறும் சிலிண்டர் இலேசாகும் என்பதையும் மறவாது, சிலிண்டர் வெறுமையாகும் தறுவாயிலும் 5 மீற்றர் ஆழத்திற் தரித்து நிற்க முடிகின்றதா எனச் சோதித்தல் முறை.

ஏனைய கருவிகள்

முகக் கண்ணாடியின் பட்டியை நீட்டிப் பார்க்க. கொளுவியை அடுத்த மடிப்பிலேயே முதல் வெடிப்புத் தோன்றும். விளிம்பை முகத்தில் வைத்து மூக்கால் உள்ளிழுத்தால், பட்டியின்றியே அது பற்றி நிற்றல் வேண்டும். கால் துடுப்பின் பட்டிகளையும் அவ்வாறே நோக்குக. நியோப்பிறீன் உடையை மடித்து வைத்த இடத்தில் அது தன் தடிப்பை இழந்திருக்கும். இனியேனும் அகன்ற தோளுள்ள தாங்கியிலே தொங்கவிடுக. கத்தியின் துருவை நீக்குக. மீன்வலையில் அகப்பட்டவனுக்கு அது விலங்கறுக்கும் கருவி.

அமுக்கமானியின் முள், கருவி வெறுமையாயிருக்கும்போது பூச்சியத்தில் நிற்றல் வேண்டும். சிலிண்டரைத் திறக்கும்போது அதன் முகத்தை நம்மை நோக்காது திருப்பிப் பிடித்தல் நல்வழக்கம். கைக்கணினி வைத்திருப்போர் அதன் மின்கலத்தை மாற்றி, மூடியின் வளையத்தையும் பார்வையிட்டு, பின்னர் வாளிநீரில் அமிழ்த்திக் குமிழி எழுகின்றதா எனக் காண்க. ஆழமானியைத் துணைவரின் மானியோடு ஒரே ஆழத்தில் ஒப்பிட்டு நோக்குதலும் பயனுடையது.

சுழியோடியும் ஒரு கருவியே

கருவிகளெல்லாம் சீராகி, அவற்றை அணியும் உடல் சீராகாதிருப்பின் பயன் என்ன? ஏழு மாதம் படிக்கட்டேறியும் நடந்தும் பழகாதவர், மருத்துவரைக் கண்டு, நெஞ்சும் சுவாசப்பையும் செவியும் நலமாக உள்ளனவென உறுதிசெய்தல் வேண்டும். தடிமன் உள்ளபோது சுழியோடலாகாது. செவிக்குள் அமுக்கம் சமனாகாது. பருவத்தின் முதற் சுழியோடலை 5 அல்லது 6 மீற்றர் ஆழத்திலே நிகழ்த்தி, முகக் கண்ணாடியினுட் புகுந்த நீரை வெளியேற்றுதல், வாயிலிருந்து விடுபட்ட சீராக்கியை மீட்டல், துணைவனுடன் வளியைப் பகிர்தல் ஆகிய பயிற்சிகளைத் திருப்பிச் செய்தல் வேண்டும். 1942 ஏப்பிரில் 9ஆந் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேமிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. பொழுதுபோக்காகச் சுழியோடுவோர்க்கு வகுத்த எல்லையோ 40 மீற்றர். பருவத்தின் முதல் நாளிலே அத்தகைய ஆழங்களைப்பற்றிக் கனவு காண்பதும் வேண்டா.

மலைநாட்டவராகிய நமக்கு மாத்திரம் சிறப்பாக உரிய எச்சரிக்கை ஒன்று எஞ்சியுள்ளது. ஆழத்தில் மிகுந்த அமுக்கத்திலே சுவாசிக்கும்போது, என்றியின் விதிப்படி, நைதரசன் நம் குருதியிலும் இழையங்களிலும் கரைகின்றது. மேலெழுந்தபின் அது மெல்ல மெல்லவே வெளியேறும். கடற்கரையில் அதற்குக் காலங்கொடாது உடனே மலையேறினால், வளியமுக்கம் மேலும் குறைதலால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போலக் குமிழிகள் உண்டாகி, மூட்டு நோவையும் வாதத்தையும் விளைவிக்கக்கூடும். 600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திற்குச் செல்வோர், ஒரு சாதாரணச் சுழியோடலின்பின் 12 மணித்தியாலமும், பலமுறை சுழியோடினோர் 18 மணித்தியாலமும், இடைநிறுத்தங்கள் தேவைப்பட்ட ஆழச் சுழியோடலின்பின் 24 மணித்தியாலமேனும் காத்திருத்தல் வேண்டுமென இத்துறை மருத்துவர் கூறுவர். பேராதனை அவ்வெல்லைக்குச் சற்றே கீழுள்ளது. நுவரெலியாவோ ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆதலின், பேராதனைக்கு மீளுவோரும், அதனைக் கடந்து மேலே செல்வோரும், கடைசி நாளைக் கரையிலே ஓய்ந்து கழித்து மறுநாட் புறப்படுதலே அறிவுடைமை. ஞாயிறு நண்பகல் வரை சுழியோடித் திங்கட் காலை பணிக்கு வரத் துடிக்கும் நண்பர்கள் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்க. இவ்வோய்வுநாளைப் பயணத் திட்டத்தில் முதலிலேயே எழுதிவைத்தல், சிலிண்டரைச் சோதித்தலோடு ஒக்கும் ஆயத்தமாகும். அமுக்கக் கூடமுள்ள வைத்தியசாலை எது, அங்கு செல்லும் வழி யாது என்பவற்றையும் முன்னரே வினவிக் குறித்துக்கொள்க.

முடிவுரை

மேற்கூறிய யாவற்றையும் ஒரு சிறு குறிப்பேட்டிலே தேதியிட்டு எழுதிவைத்தல் நன்று. எப்போது பழுதுபார்த்தது, எந்த வளையம் மாற்றியது, எத்துணை ஈயம் அணிந்தது என்னும் குறிப்புகள், அடுத்த ஆண்டில் நினைவை நம்பும் தொல்லையிலிருந்து நம்மைக் காக்கும். கருவி முழுவதையும் சோதித்தற்கு ஒரு சனிக்கிழமை போதும்.

இதனைத் தன்னலங் கருதிய முயற்சியென எவரும் எண்ணற்க. நீரடியிலே எவரும் தனியர் அல்லர். நம் வளி தீர்ந்தாற் துணைவனின் வளியே நம் வளி. அவன் சீராக்கி பழுதுற்றால் நம்முடையதே அவனுக்கு உயிர். அன்று படகில் நின்று கயிறு பற்றியவனுக்கு இருந்த பொறுப்பு, இன்று அருகே நீந்துபவனுக்கு உண்டு. ஆகவே நம் கருவியைச் செம்மையாக வைத்திருத்தல் மற்றொருவனுக்கு நாம் செலுத்தும் கடமை. கூடிக் கற்ற நாளிலே தோழன் நலனைத் தன் நலனாகக் கொள்ளப் பழகிய பழைய மாணவர்க்கு, இதனை விரித்துரைத்தல் மிகை.

இன்று ஆய்வுகூடத்தில் அமர்ந்து அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கி விடை காணும் இளைஞர்களே, அவ்விடை என்றாவது ஒருநாள் ஓர் உயிரின் அளவாகக்கூடும். அதனைப் பிழையின்றிக் கற்றுக்கொள்ளுங்கள். கோணேசர் பாதத்தின் கீழே தெளிந்த நீர் உங்களுக்காகக் காத்திருக்கின்றது. அங்குள்ள கற்களையும் பவளங்களையும் கண்ணாற் கண்டு மகிழுங்கள். ஒன்றையும் கையாற் பெயர்க்காதீர்கள். சென்ற ஒவ்வொருவரும் நலமே மீண்டு வருக.